தனியே தொடங்கி, கூடித் தெளிதல்: பகாவ் வட்டார மாணவரும் இணையக் காலக் கற்றலும்

மாணவர் நன்றாகக் கற்பது தனியே இருக்கும்போதா, பிறரோடு கூடியிருக்கும்போதா என்பது கல்வியின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கைத்தொலைபேசியும் இயங்கலை வகுப்பும் வீடுகளுக்குள் வந்தபின் அது பெற்றோரின் அன்றாடக் கவலையாகவும் ஆகிவிட்டது. பிள்ளை அறைக்குள் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். கையில் இருக்கும் கருவியிலோ முப்பது பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் தனியே படிக்கிறானா, கூடிப் படிக்கிறானா என்று பார்ப்பவர்களால் சொல்ல முடிவதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கற்றல் ஒரே செயல் அன்று. புதிதாகக் கேட்டதைப் புரிந்துகொள்ளுதல், புரிந்ததை நினைவில் நிறுத்துதல், தவறாகப் புரிந்ததைத் திருத்திக்கொள்ளுதல், தெரிந்ததைப் பிறருக்கு விளக்குதல் ஆகிய நான்கும் சேர்ந்தே கற்றல் ஆகிறது. இவற்றுள் சில தனிமையில்தான் நடக்கும். சில துணையின்றி நடக்கவே நடக்காது. ஆகவே எந்த வேலையை யாரோடு, எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்பதே பயன் தரும்.

தமிழ் மரபு இந்த வரிசையை முன்பே வகுத்து வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையை விரிவாகப் பேசுகிறது. பாடத்தைப் போற்றி மனத்தில் இருத்துவதும், கேட்டவற்றைத் திரும்ப நினைத்துப் பார்ப்பதும் மாணவன் தானே செய்ய வேண்டியவை. ஆசிரியரை அடுத்துக் கேட்பதும், தகுதியுள்ள சக மாணவரோடு பயில்வதும், வினவுவதும், பிறர் வினாவுக்கு விடை சொல்வதும் கூடியிருந்து செய்ய வேண்டியவை. நன்னூல் ஒரு பங்குக் கணக்கும் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் மட்டுமே நிறையும். பிந்திய பங்குகள் பெரியவைதாம். ஆனால் மனத்தில் ஒன்றும் இருத்திக்கொள்ளாதவனுக்குப் பழகவும் உரைக்கவும் பொருள் இராது. அதனால்தான் பாடம் போற்றலும் நினைத்தலும் அந்த நூலில் முன்னதாக நிற்கின்றன.

தோட்டப் பள்ளியின் கூட்டுக் கல்வி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஜெம்போல் மாவட்டத்தின் முக்கிய நகரம் பகாவ். கிம்மாசிலிருந்து பகாவ் வரையிலான இரயில் பாதை 1910-ல் திறக்கப்பட்டது. இரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது. கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங், ஆயர் ஈத்தாம் எனச் சுற்றியிருந்த தோட்டங்களின் பெயர்களை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுத்தறிந்தது இத்தகைய பள்ளிகளில்தான்.

தோட்டத்தில் பள்ளி வந்தது சட்டத்தின் வழியாக. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதி இருந்ததே தவிர, அதன்படி கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும்தாம். பல தோட்டங்களில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொன்னார். சில இடங்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையே வகுப்பறை ஆனது. ஒரே அறையில் நான்கு வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது, மேல் வகுப்புப் பையன் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தான்.

இது வறுமை தந்த ஏற்பாடு. ஆனாலும் இதற்குள் ஒரு பயன் இருந்தது. மூத்த பிள்ளை தினமும் ஒரு முறையாவது தான் கற்றதைப் பிறருக்குச் சொல்ல நேர்ந்தது. நன்னூல் கூறும் அந்த அரைப் பங்கு, அறியாமலேயே அவனுக்குக் கிடைத்தது.

நாடு விடுதலை பெற்ற 1957-ல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இளையோர் பட்டணங்களுக்கும் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்தார்கள். உள்ளே எஞ்சிய பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. மலேசியாவில் 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளி குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்தப்படுகிறது. 30 பேருக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பும் நடத்தப்படுகிறது. அதாவது, நூறாண்டுக்கு முன் தோட்டப் பள்ளி தொடங்கிய நிலைக்கே சில பள்ளிகள் திரும்பியிருக்கின்றன. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கூட்டு வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டும்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அருகில் அமர்ந்து திருத்தினால், இருவருமே கற்கிறார்கள். அந்த வாய்ப்பை ஆசிரியர் திட்டமிட்டு அமைக்கிறாரா என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

எழும்பூரிலிருந்து உலகத்துக்கு

மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை உலகில் பரவியதில் தமிழ் மண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்வதும், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் வழக்கம். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இப்படி மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அதைப் பின்பற்ற மறுத்ததால், 8 வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் முடியாததை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். 1797-ல் இலண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் இது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்திலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குச் சென்றது.

அந்த முறையின் வீழ்ச்சியும் ஒரு பாடம். செலவு குறைவு என்பதற்காகவே அதைக் கைக்கொண்ட இடங்களில் ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். சட்டாம்பிள்ளைகள் புரிய வைப்பதை விட்டு, ஒப்பிக்க வைப்பதோடு நின்றார்கள். பிள்ளைகள் கூடியிருந்தால் கல்வி தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

தனிமை செய்யும் வேலை

நினைவில் நிறுத்துதல் என்ற வேலையை எவரும் இன்னொருவருக்காகச் செய்ய முடியாது. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்ரி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதி மாணவர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களிடம் பாடம் தங்கியிருந்தது. மறந்ததைத் தேடி மனம் படும் பாடே நினைவை உறுதியாக்குகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே விடையைச் சொல்லிவிட்டால் அந்தத் தேடல் நடப்பதில்லை.

குழுவில் உழைப்பு குறைவதும் நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. பிரெஞ்சுப் பொறியியலாளர் மேக்ஸ் ரிங்கல்மன் கயிறு இழுப்போரை அளந்து 1913-ல் வெளியிட்ட முடிவு இது: இழுப்பவர் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது. பள்ளியில் குழுவாகச் செய்யும் இடுபணியிலும் இதையே காணலாம். ஐந்து பேர் பெயர் போட்ட இடுபணியை ஒருவரோ இருவரோ செய்து முடிக்கிறார்கள். மலேசியாவில் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு கடைசியாக 2019-ல் நடந்தது. 2021-ல் முற்றாக அகற்றப்பட்டது. வகுப்பறையிலேயே மாணவரை அளவிடும் முறை இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது. குழு வேலைக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்கைத் தானே எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால், பின்தங்கிய பிள்ளை குழுவுக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் குறை எவர் கண்ணிலும் படாது.

தோட்டப்புறத்தில் தனிமை என்பது எளிதில் கிடைக்கும் பொருளாக இருந்ததில்லை. லயத்து வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு விளக்கு. தாத்தா பாட்டி, தம்பி தங்கைகள், வானொலி, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அந்தக் கூடத்திலேயே. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போக வேண்டிய வீட்டில் இரவு சீக்கிரம் விளக்கணையும். இத்தகைய பிள்ளைக்குத் துணைக்குப் பஞ்சமில்லை. அமைதியாக உட்கார ஒரு மணி நேரமும் ஒரு மேசையுமே அரிதாக இருந்தன. தோட்டத்தைவிட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களிலும் இந்த நெருக்கடி பெரிதாகத் தணியவில்லை. ஆகவே, பள்ளி முடிந்தபின் நூலகத்தையோ ஒரு வகுப்பறையையோ ஒரு மணி நேரம் திறந்து வைப்பது, இங்கே மாணவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று.

கூடியிருத்தல் செய்யும் வேலை

தனிமைக்கு ஒரு பெரிய குறை உண்டு. தன் தவறு தனக்குத் தெரியாது. நான்காம் ஆண்டுப் பிள்ளை 1/2-உம் 1/3-உம் கூட்டினால் 2/5 என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டது. அதே முறையில் பத்துக் கணக்குகளைத் தனியே போட்டால் பத்தும் தவறாகவே வரும், தவறு பழக்கமாகிவிடும். விடைத்தாளைப் பார்த்து 5/6 என்று திருத்திக்கொண்டாலும் ஏன் என்று விளங்காது.

பக்கத்தில் இன்னொரு பிள்ளை 5/6 என்று எழுதியிருந்தால் வாதம் தொடங்கும். "அரை ரொட்டி சானாய் உன்னிடம் இருக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் தருகிறேன். இப்போது உன்னிடம் அரைக்கு மேலேயா, கீழேயா?" மேலே என்றுதான் சொல்ல வேண்டும். 2/5 அரையைவிடக் குறைவு. கூட்டினால் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி பிறந்த கணத்தில் பிள்ளை தன் முறையையே சந்தேகிக்கத் தொடங்குகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் போடும் பெருக்கல் குறியால் இந்தச் சந்தேகத்தை எளிதில் எழுப்ப முடியாது. கேட்டவனுக்கும் ஆதாயம் உண்டு: ஏன் என்று விளக்க முற்பட்டபோதுதான் பின்னம் என்றால் என்ன என்பது அவனுக்கே துலக்கமாகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் தம் வகுப்பை இந்த முறையில் அமைத்தார். முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் யாரோடும் பேசாமல் விடையைக் குறிக்க வேண்டும். பிறகு அருகிலிருப்பவரோடு வாதாட வேண்டும். பின் மீண்டும் விடை குறிக்க வேண்டும். இரண்டாம் முறை சரியான விடைகள் பெருகின. கெட்டிக்கார மாணவனைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு அதைத் தீர்த்தது. தொடக்கத்தில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும், பேசி முடித்தபின் புரிதல் உயர்ந்திருந்தது. ஒப்பிட்டுப் பேசுவதே அறிவைத் தரும் என்பதற்கு இது வலுவான சான்று. மசூரின் முறையிலும் தனியே விடை குறிப்பது முதலில் வருகிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தனக்கென ஒரு விடையைத் தேர்ந்துகொண்டவனுக்கே வாதாட ஏதேனும் இருக்கும்.

தனித்துவிடப்பட்ட மாணவன்

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் ஒரு புதிருக்கு விடை தேடினார். நல்ல மதிப்பெண்களோடு வந்த கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தோற்றார்கள். சீன மாணவர்கள் சிறந்து தேறினார்கள். உழைப்பின்மை, ஏழ்மை, பெற்றோரின் அக்கறையின்மை என்று பேராசிரியர்கள் ஊகித்தார்கள். டிரைஸ்மன் இரு பிரிவிலும் இருபது இருபது மாணவரைப் பல மாதம் அவர்களின் இருப்பிடத்துக்கே சென்று கவனித்தார். ஊகங்கள் எல்லாம் பொய்யாயின. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு 8 மணி நேரம் ஒழுங்காகப் படித்தார்கள்; ஆனால் முழுக்க முழுக்கத் தனியே. தாம் விட்ட இடம் பிறருக்கும் கடினமா, தமக்கு மட்டுமா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சீன மாணவர்களும் அதே அளவு நேரம் தனியே உழைத்தார்கள். அதற்குப் பிறகு மாலையில் கூடினார்கள். விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் தவறென்றால் அவன் திருத்திக்கொண்டான். எல்லாருக்கும் தவறென்றால் கணக்கே கடினமானது என்று அறிந்து கூட்டாக முயன்றார்கள். பழைய தேர்வுத்தாள்களை வைத்து ஒருவரையொருவர் சோதித்தார்கள். இதைப் பார்த்து டிரைஸ்மன் உருவாக்கிய கணிதப் பட்டறையில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

பகாவ் வட்டாரத் தமிழ் மாணவரின் கதையில் இதே புதிர் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் எழுகிறது. ஆறு ஆண்டுகள் சிறிய தமிழ்ப்பள்ளியில், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியரிடம், தாய்மொழியில் படித்த பிள்ளை, தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. அறிவியலும் வரலாறும் மலாய்மொழியில் வருகின்றன. மலாய்மொழி போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுகிறது. உடன் படித்தவர்கள் வெவ்வேறு வகுப்புகளுக்குப் பிரிந்து போகிறார்கள். கேள்வி கேட்டால் மொழிப் பிழையைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைச் சோம்பல் என்கிறார். உள்ளே நடப்பது தனிமைப்படல். தோட்டத்தில் தனிமை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளை, பதின்மூன்று வயதில், துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில் துணையை இழக்கிறது.

இந்த இழப்பை ஈடு செய்ய எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா 1982-ல் அதைத் தொடங்கினார். பட்டணந்தோறும் பரவிய அதன் நிலையங்களில் மாணவர் வார இறுதிகளில் கூடிப் படிக்கிறார்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் திரும்பி வந்து அடுத்த அணிக்குப் பாடம் எடுக்கிறார்கள். பத்துமலைக்கு ஆண்டுதோறும் நடத்தப்படும் கல்வி யாத்திரை, படிப்பைக் குடும்பமும் சமூகமும் சேர்ந்து ஏற்கும் நோன்பாக ஆக்கியது. தன்னைப் போலவே தோட்டத்திலிருந்து வந்த ஓர் அண்ணனோ அக்காவோ வெள்ளைப்பலகை முன் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, பாடத்தோடு நம்பிக்கையும் வந்துசேர்கிறது. எந்தக் காணொலியும் இதை எளிதில் தராது.

நாளிதழில் நடந்த வகுப்பு

தொலைவில் இருப்போரை இணைத்துக் கற்பித்தல் இணையத்தோடு பிறந்த புதுமை அன்று. 1950-ல் கோலாலம்பூரின் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதும் முறை ஏட்டில் பாடமாக வந்தது, பயிற்சி தரப்பட்டது, வாசகர்கள் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள், அவை மதிப்பிடப்பட்டன. அதே பத்தாண்டில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றத்தின் வழியாக இளம் பிள்ளைகளை எழுத வைத்தது. அது பின்னர் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்து ஊர்தோறும் கிளை விட்டது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறை இவற்றிலிருந்து உருவாயிற்று.

இவற்றின் அமைப்பு ஆராயத்தக்கது. தோட்டத்து இளைஞன் இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் தனியே எழுதினான். எழுதியதைத் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தான். பிறகு தன் எழுத்து ஏட்டில் பிறர் பார்வைக்கு வந்தது; அல்லது ஏன் வரவில்லை என்று அவன் எண்ணிப் பார்த்தான். தனித்த உழைப்பு, காத்திருத்தல், பொதுவில் சோதனை என்ற மூன்றும் ஒழுங்காக நடந்தன. ஏட்டில் வந்த பெயர்களைக் கண்டு ஒருவரையொருவர் தேடிச் சென்று நண்பர்களானார்கள்; மன்றங்களில் கூடினார்கள். இணைப்பு மெதுவாக இருந்ததே அவர்களுக்குச் சிந்திக்க நேரம் தந்தது.

எல்லாரும் இணைந்த காலம்

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் இடையிடையே திறந்தும் மூடியும் 2021 அக்டோபர் வரை தள்ளாடின. இல்லிருப்புக் கற்றல் என்ற பெயரில் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இணையத்தை நம்ப நேர்ந்தது. ஏறக்குறைய 900,000 மாணவரைப் பற்றி அவர்களின் பெற்றோரிடம் கல்வியமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினரே. 2020 ஜூனில் டெலிமா கற்றல் தளமும், 2021 பிப்ரவரியில் டிடேக் டிவி கல்வி ஒளிபரப்பும் தொடங்கப்பட்டன. அரசுசார் நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து 150,000 கருவிகள் தரும் செர்டிக் திட்டமும் அதே பிப்ரவரியில் வந்தது.

தோட்டப்புற வீட்டில் இந்த எண்களின் பொருள் இதுதான். வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் அப்பாவுடையது. காலையில் அவர் வேலைக்குப் போகும்போது அதுவும் போய்விடும். ஆசிரியர் எட்டு மணிக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பயிற்சிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறார். பிள்ளை அதைப் பார்ப்பது மாலை ஆறுக்கு. அதற்குள் நான்கு பேர் விடையெழுதிய பக்கத்தைப் படமாக அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனும் கைத்தொலைபேசிக்குக் காத்திருக்கிறான், தரவும் தீர்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளை அந்த விடைகளைப் பார்த்து எழுதி, படம் எடுத்து அனுப்புகிறது. ஆசிரியருக்குப் பயிற்சி வந்து சேர்ந்தது. குழுவில் முப்பது பேரும் கூடியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை தனியாகவும் சிந்திக்கவில்லை, யாரோடும் சேர்ந்தும் சிந்திக்கவில்லை.

இணையத்தின் ஆபத்து இந்த இடத்தில் இருக்கிறது. தேடிப் பார்க்குமுன் விடையைத் தருவதால் தனிமையின் பயனைக் கெடுக்கிறது. ஏன் என்று கேட்காமலே விடையை மாற்றிக்கொள்ள விடுவதால் கூட்டத்தின் பயனையும் கெடுக்கிறது. கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்தபின் இந்த ஆபத்து பெருகியிருக்கிறது.

தனித்துவிடப்பட்ட இணையக் கல்வியின் அளவையும் உலகம் கண்டுவிட்டது. 2011-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 160,000 பேர் பதிந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கினரே முடித்தார்கள். அதற்குப் பின் வந்த பெருந்திரள் பாடங்கள் பலவற்றில் முடிப்போர் விகிதம் இதைவிடவும் குறைந்தது. மறுபக்கம், 1999-ல் தில்லி கல்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தபோது, சேரிப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டி, கணினியை இயக்கப் பழகினார்கள். கருவி ஒன்றாகவும் பிள்ளைகள் பலராகவும் இருந்ததே அங்கே பயனுக்குக் காரணம். எனினும் கணினியை இயக்கப் பழகுவது வேறு. பின்னமும் இலக்கணமும் படிப்படியாகக் கற்பது வேறு. பின்னதற்கு வழிகாட்டும் பெரியவர் ஒருவர் வேண்டும்.

இவ்வளவும் இணையத்தை விலக்கச் சொல்லும் வாதம் ஆகாது. தோட்டத்துப் பள்ளியில் இல்லாத ஆய்வுக்கூடச் சோதனையைக் காணொலி காட்டுகிறது. ஜெராம் பாடாங்கில் உள்ள பிள்ளை கோலாலம்பூர் ஆசிரியரின் பாடத்தைக் கேட்கலாம். புரியாத இடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். ஒரு முறை கேட்டதையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டால் புலமை வளரும் என்று நன்னூல் சொன்ன வாய்ப்பு, இன்று ஏழைப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. அந்த வாய்ப்பு வரிசையில் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே பயனை முடிவு செய்கிறது.

நடைமுறை

மேற்கண்டவற்றிலிருந்து பகாவ் போன்ற வட்டாரத்துக்கு ஏற்ற படிப்பு முறை ஒன்றை வகுக்கலாம். முதற்படி தனிமை. நாளும் அரை மணி நேரம், கைத்தொலைபேசி வேறிடத்தில் இருக்க, பிள்ளை புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுத வேண்டும்; கணக்கைத் தானே முயல வேண்டும். தவறான விடையும் இந்தப் படியில் பயனுள்ளதே. இரண்டாம் படி சிறு குழு. மூன்று அல்லது நான்கு பேர், எழுதிய விடைகளோடு கூடி ஒப்பிட வேண்டும். விடை மாறுபடும் இடத்தில் காரணம் கேட்க வேண்டும். எழுதாமல் வந்தவர் முதலில் எழுதிவிட்டே சேர வேண்டும். மூன்றாம் படியில் இணையம் வருகிறது: குழுவால் தீர்க்க முடியாததை மட்டும் காணொலியிலோ ஆசிரியரிடமோ கேட்டறிய வேண்டும். நான்காம் படியில் கற்றதைக் கீழ் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளி நூலகம், கோயில் மண்டபம், பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபம் ஆகியவற்றுள் ஒன்று வாரத்தில் சில மாலைகள் திறந்திருந்தால் போதும். படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைகளை, எந்த இடைநிலைப்பள்ளியில் எந்த வகுப்பில் இருந்தாலும், பழைய தமிழ்ப்பள்ளியே வாரம் ஒரு முறை அழைத்துக் கூட்டலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவரும் முன்வந்தால், படிவம் ஐந்து முடித்த அண்ணன் அக்காக்களை அங்கே கொண்டுவரலாம். புலனக் குழு நடத்தும் ஆசிரியர், விடைகள் பொதுவில் வராமல் தமக்கு மட்டும் வரும்படி கேட்டு, எல்லாம் வந்தபின் மாறுபட்ட இரண்டு விடைகளைக் குழுவில் போட்டு எது சரி, ஏன் என்று பேச வைக்கலாம். அதே கருவி அப்போது வாத அரங்கமாகிறது.

பெற்றோரின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு மரம் வெட்டப் போன தாய்க்குப் படிவம் மூன்றின் அறிவியல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. "இன்று படித்ததை எனக்குச் சொல்" என்று கேட்டு, பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டால் போதும். புரியவில்லை என்று அவர் சொல்லும்போது பிள்ளை வேறு சொற்களில் மீண்டும் முயலும். மலாயில் கற்றதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதால் பாடம் இரு மொழியிலும் ஊன்றும். உரைப்பதால் வரும் அரைப் பங்குப் புலமைக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். அந்த வேலையை எந்தத் தாயும் தந்தையும் செய்யலாம்.